மூன்று மில்லிமீட்டர் தடிமன் கூடினால் என்ன?

2025 ஜனவரியில் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் மெப்ஸ் ஏற்றுமதி மண்டல வளாகத்தில், சிர்மா எஸ்.ஜி.எஸ். நிறுவனத்தின் லேப்டாப் உற்பத்திப் பிரிவை ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் திறந்துவைத்தார். தைவானின் எம்.எஸ்.ஐ. நிறுவனத்தோடு கைகோத்துத் தொடங்கிய பிரிவு அது. முதலில் ஆண்டுக்கு ஒரு லட்சம், ஓரிரு ஆண்டுகளில் பத்து லட்சம் வரை போகலாம் என்று அன்றைக்குக் கணக்குச் சொன்னார்கள். கணினி வன்பொருள் தயாரிப்புக்காக 2023 மே மாதம் ஒன்றிய அரசு கொண்டுவந்த 17,000 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தின் விளைவுகளில் இதுவும் ஒன்று. இந்தப் பக்கத்துக்கு இந்தத் தொழில் புதிதும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் டெல் 2007 முதலே தொழிற்சாலை நடத்திவருகிறது. ஆக, ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவரின் தோளில் தொங்கும் லேப்டாப், அவர் நிற்கும் இடத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் திருகாணி முடுக்கப்பட்டதாக இருக்க இனி வாய்ப்புண்டு.

திருகாணி முடுக்குவது இங்கே நடக்கிறது. மதர்போர்டில் எதை எங்கே வைப்பது, மூடி எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும், எந்த விசையைச் சுருக்குவது என்ற முடிவுகள் தைப்பேயிலும் கலிபோர்னியாவிலும் எடுக்கப்படுகின்றன. இதைத் தேசப்பற்றுப் பிரச்சினையாக்க எனக்கு விருப்பமில்லை. நல்ல வடிவமைப்பு எங்கிருந்து வந்தாலும் நல்லதுதான். ஆனால் சின்ன லேப்டாப் என்பது சமரசங்களால் ஆன கருவி. பெரிய லேப்டாப்பில் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும். சின்னதில் எதையாவது விட்டுக்கொடுத்தால்தான் இன்னொன்று உள்ளே போகும். எதை விடலாம் என்று முடிவெடுத்தவர் மனத்தில் ஒரு பயனாளர் இருந்திருப்பார். அவருக்கு மேசை இருக்கிறது, அறையில் ஏசி ஓடுகிறது, சுவர் பிளக்கில் ஒழுங்கான எர்த் இருக்கிறது, அவர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்கிறார். அந்த ஆளைத் தாம்பரத்தில் தேடினால் கிடைக்கலாம். ஆனால் மின்சார ரயிலில் கிடைக்க மாட்டார்.

முதலில் சின்ன லேப்டாப்பின் பக்கம் உள்ள நியாயத்தைப் பேசிவிடுவோம். தென்சென்னைப் புறநகரில் வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்பது விதிவிலக்கில்லை, விதி. கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. அலுவலக நேரத்தில் அதில் ஏறுகிறவர் பையை முதுகில் மாட்ட முடியாது, நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்குப் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் போகிறவர்கள், ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் பையைச் செருகிக்கொண்டு துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் போகிறவர்கள், வண்டலூரையும் பொத்தேரியையும் தாண்டிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் என எல்லோர் பையிலும் தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், குடை, சார்ஜர் ஆகியவற்றோடு இதுவும் இருக்கிறது. 15.6 அங்குலத் திரையும் இரண்டு கிலோவுக்கு மேல் எடையும் கொண்ட லேப்டாப்பை நாள்தோறும் தூக்கி அலைகிறவரின் தோள்பட்டையைக் கேட்டால், 13 அங்குலம் ஆடம்பரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு கிலோவை ஒட்டிய கருவி இந்த ஊருக்கு வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

சந்தேகம் இருப்பது, சின்னது என்றால் மெல்லியது என்று ஆகிப்போனதில்தான்.

இரண்டும் வேறு வேறு பாதைகளில் வந்தவை. 2007 அக்டோபரில் ஆசுஸ் நிறுவனத்தின் ஈ பிசி 701 வந்தது: ஏழு அங்குலத் திரை, ஒரு கிலோவுக்குக் குறைவான எடை, மலிவு விலை. அடுத்த சில மாதங்களில், 2008 ஜனவரியில், இந்தியாவிலேயே எச்.சி.எல். நிறுவனம் மைலீப் என்ற பெயரில் 13,990 ரூபாயிலிருந்து அதே போன்ற குட்டிக் கணினிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே மாதம் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு பழுப்பு உறையிலிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். முதல் பாதை சின்னது, தடித்தது, மலிவானது. இரண்டாவது பாதை அகலமானது, மெல்லியது, விலை உயர்ந்தது, நினைவகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, யு.எஸ்.பி. துளை ஒன்றே ஒன்று. முதல் பாதை சில ஆண்டுகளில் அடைபட்டது. அதில் வந்தவை மந்தமாக இருந்தன, திரை போதவில்லை, விசைகள் குழந்தைகளின் விரலுக்கானவை. அதன் மரணத்துக்கு அழ வேண்டியதில்லை. ஆனால் அது போனபோது, சின்னக் கருவி தடிமனாக இருக்கலாம் என்ற எண்ணமும் கூடவே போய்விட்டது. இன்றைக்குக் கடையில் ஒரு கிலோ லேப்டாப் கேட்டால், வருவது மேக்புக் ஏரின் பேரன் பேத்திகள்தான்.

மெலிவு வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதே வம்சத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2015இல் வந்த 12 அங்குல மேக்புக் 920 கிராம்தான். அதற்காகவே விசைப்பலகையின் உள்ளமைப்பை மாற்றி, பட்டர்ஃபிளை என்று பெயரிட்டார்கள். விசை கீழே இறங்கும் ஆழம் மிகக் குறைந்தது; அடியில் தூசித் துகள் ஒன்று புகுந்தாலும் விசை சிக்கிக்கொண்டது, அல்லது ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழுந்தது. 2018இல் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவிக்க வேண்டியிருந்தது. 2020க்குள் பழைய கத்தரிக்கோல் அமைப்புக்கே எல்லா மாடல்களும் திரும்பின. அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்கு 2022இல் ஐந்து கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. கலிபோர்னியாவின் தூசிக்கே இந்தக் கதி. சாலை தோண்டுவது ஓயாத நம் பக்கத்துத் தூசியைப் பற்றி நான் விவரிக்க வேண்டுமா?

விசைப்பலகை என்றதும் எனக்கு இதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. கருவி விமர்சகர்கள் இதைக் கவனித்து நான் பார்த்ததில்லை. அவர்கள் தமிழில் தட்டச்சு செய்வதில்லை என்பதால் இருக்கலாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். தமிழில் மெய்கள் ஆங்கிலத்தின் வலப்பக்க எழுத்துகளுக்குள் அடங்காது. ஆகவே ஆங்கிலத்தில் நிறுத்தற்குறிகள் இருக்கும் விசைகளையும் தமிழ்99 எடுத்துக்கொள்கிறது. அரைப்புள்ளி விசையில் ந. அதற்கு அடுத்த மேற்கோள் விசையில் ய. சதுர அடைப்புக்குறிகள் இரண்டிலும் ச, ஞ. சாய்கோட்டில் ழ.

இப்போது ஒரு சின்ன லேப்டாப்பின் வடிவமைப்பாளர் எங்கே அகலத்தை மிச்சம் பிடிப்பார் என்று பாருங்கள். எழுத்து விசைகளைத் தொட மாட்டார். தொட்டால் முதல் நாளே திட்டு விழும். வலது ஓரத்தில் இருக்கும் அடைப்புக்குறி, மேற்கோள், சாய்கோடு போன்ற விசைகளைச் சுருக்குவார். அவர் கணக்கில் அவை எப்போதாவது தொடும் விசைகள். பத்து அங்குலத்துக்குக் கீழே போன குட்டிக் கணினிகளில் இவை பாதி அகலத்துக்குக் குறைந்ததும், இடம் மாறி வேறு வரிசைக்குப் போனதும் உண்டு. பெரிய அளவுகளிலும் என்டர் விசையை அகலப்படுத்த, அதன் பக்கத்து விசைகளை ஒல்லியாக்குவது வழக்கம்தான். ஆங்கிலக்காரருக்கு அது ஒரு சின்னத் தொந்தரவு. தமிழ்99 தட்டுகிறவருக்கோ வலது சுண்டுவிரலின் வேலை முழுவதும் அந்த ஓரத்தில்தான். ச, ய, ந ஆகிய மூன்றும் இல்லாமல் இரண்டு வரி எழுதிப் பாருங்கள். செய்தி, நேரம், சென்னை எதுவும் வராது. ஆங்கிலத்தில் யாராவது எஸ், என், ஒய் ஆகிய மூன்று விசைகளையும் பாதியாக வெட்டி ஒரு கணினி விற்றால் அதைப் பற்றிச் சிரித்தே தீர்த்துவிடுவார்கள். தமிழ் எழுதுகிறவர்கள் அதைத் தங்கள் விரலின் குறை என்று நினைத்துக்கொண்டு, ஒலிபெயர்ப்பு முறைக்கு மாறிவிடுகிறார்கள். ஒலிபெயர்ப்பில் எழுதுவது குற்றமில்லை. பெரும்பாலோர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த மாற்றத்தில் ஒரு பங்கு வன்பொருளின் நெருக்கடியால் நடந்தது என்றே நினைக்கிறேன்.

திரை விஷயத்தில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. 11.6 அங்குலத்தில் 1366×768 புள்ளிகள் என்ற காலத்தில், மெய்யெழுத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளி சின்ன எழுத்தளவில் தேய்ந்து மறைந்துபோகும். க எது, க் எது என்று ஊகித்துப் படிக்க வேண்டும். இன்றைக்கு 13 அங்குலத்தில் 1920×1200 சாதாரணம். புள்ளி தெரிகிறது. உயரமும் கூடியிருக்கிறது, 16:9 என்ற சினிமாத் திரையிலிருந்து 16:10க்கு வந்ததில் எழுதுகிறவருக்கு ஓரிரு வரி லாபம். பளபளப்புத் திரை மட்டும் போக வேண்டும். ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அதில் தெரிவது நம் முகம்தான்.

வெப்பம்தான் அடுத்த பெரிய சங்கதி. பெட்டிக்குள் வரும் சின்னத் தாளிலோ நிறுவனத்தின் தளத்திலோ, கருவி இயங்க ஏற்ற வெப்பநிலை எவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். மேக்புக் ஏருக்கு ஆப்பிள் தருவது 10 முதல் 35 டிகிரி செல்சியஸ். வேறு பல நிறுவனங்களும் 35 அல்லது 40 என்றுதான் எழுதுகின்றன. அக்னி நட்சத்திரத்தில் மீனம்பாக்கம் வெப்பமானி 40ஐத் தாண்டுவது செய்தியே இல்லை. மாடி வீட்டில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில், மதியம் இரண்டு மணிக்கு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால், நாம் நிறுவனத்தின் புத்தகத்துக்கு வெளியே வாழ்ந்துகொண்டிருக்கிறோம். இயங்காமல் போவதில்லை. செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. விலைப்பட்டியலில் எழுதியிருந்த வேகத்துக்குத்தான் பணம் கொடுத்தோம். மே மாதத்தில் அதில் ஒரு பகுதி கைக்கு வருவதில்லை.

மெல்லிய உடலில் காற்று போக இடம் குறைவு. பல மாடல்களில் காற்றை உள்ளிழுக்கும் துளைகள் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. மேசையில் வைத்தால் ரப்பர் கால்கள் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி தரும். மெத்தையிலோ தொடையிலோ வைத்தால் அதுவும் அடைபடும். படுக்கையறைக் கட்டிலே அலுவலகமாகிவிட்ட வீடுகள் பெருங்களத்தூரிலும் சேலையூரிலும் எத்தனையோ. துளைகளைப் பக்கவாட்டுக்கோ கீலுக்கு அருகிலோ கொண்டுபோனால் இந்தப் பிரச்சினை பாதி தீரும். அதற்குப் பக்கச் சுவர் கொஞ்சம் உயர வேண்டும். மின்விசிறியே இல்லாத மாடல்கள் இன்னொரு தீர்வு. தூசி உள்ளே போகாது, சத்தமும் இல்லை. ஆனால் அவை சூட்டை வெளியேற்றுவது உலோக உடலின் வழியாக. வெளியே 38 டிகிரி என்றால் அந்த உடல் சூட்டை யாரிடம் கொடுக்கும்? நம் தொடையிடம்தான்.

சூட்டால் அதிகம் கெடுவது பேட்டரி. லித்தியம் அயன் கலத்துக்கு ஆகாத இரண்டு விஷயங்கள் அதிக வெப்பமும், முழுச் சார்ஜில் வெகுநேரம் இருப்பதும். வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது நாள் முழுவதும் பிளக்கில் செருகியே வைக்கிறோம்; கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் நூறு சதவீதம் இருந்தால்தான் மனம் நிம்மதியாகும். விளைவாகக் கலத்துக்குள் வாயு உண்டாகி, பேட்டரி உப்பி, டச்பேடை மேலே தள்ளுகிறது. சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்திவைக்கும் வசதி பல கருவிகளில் இருக்கிறது. அது நிறுவனத்தின் மென்பொருள் ஒன்றின் மூன்றாவது பக்கத்தில் ஒளிந்திருக்கும். முதல் முறை கணினியைத் திறக்கும்போதே, மொழியைக் கேட்பது போல, எப்போதும் பிளக்கில்தான் வைத்திருப்பீர்களா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும். இதற்குத் தடிமன்கூடத் தேவையில்லை.

எர்த் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உலோக உடல் லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுவிட்டு மணிக்கட்டை மெதுவாக அதன் ஓரத்தில் தேய்த்தால் சுர்ரென்று ஒரு நடுக்கம் தெரியும். வெறுங்காலோடு தரையில் நின்றால் இன்னும் நன்றாகத் தெரியும். சார்ஜருக்குள் மின்னிரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் கசிவதுதான் காரணம். எர்த் கம்பி இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் உடலில் தேங்கி, நம் விரல் வழியாகப் போகும். பாதுகாப்பு வரம்புக்குள் இருக்கும் அளவுதான், உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனாலும் நாள் முழுவதும் கை வைத்திருக்கும் இடத்தில் அது வேண்டியதில்லை. இங்கே இரண்டு தவறுகள் சேர்கின்றன. பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்காது. அது எலக்ட்ரீஷியன் கணக்கு. மறுபக்கம், எடையைக் குறைக்கச் சார்ஜரையும் குட்டியாக்கி இரண்டு முள்ளோடு கொடுக்கும் வழக்கம் பரவுகிறது. அங்கே நல்ல வயரிங் இருந்தும் பயனில்லை. விளம்பரத்தில் வரும் எடையில் சார்ஜர் சேராது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன். மூன்று முள், கொஞ்சம் நீளமான கம்பி, முந்நூறு கிராம் எடை என்றாலும் எனக்குச் சம்மதம். அல்லது மணிக்கட்டு படும் பகுதியைப் பிளாஸ்டிக்கில் செய்யுங்கள். பிளாஸ்டிக் மலிவாகத் தெரியும் என்பது ஷோரூமின் கவலை.

பழுது பார்ப்பதைப் பற்றிய வாதம் ஓரளவு எல்லோருக்கும் தெரிந்தது, ஆகவே சுருக்கமாக. நினைவகத்தைப் போர்டில் பற்றவைப்பதற்கு நிறுவனங்கள் சொல்லும் காரணம் பொய்யில்லை. குறைந்த மின்சாரத்தில் வேகமாக ஓடும் நினைவகச் சில்லுகளுக்குச் செயலியோடு உள்ள தூரம் குறைவாக இருக்க வேண்டும். செருகும் சட்டம் வந்தால் சிக்னல் கெடும், தடிமனும் கூடும். பேட்டரி ஆயுளில் அதன் பலன் தெரிகிறது. ஆனால் அந்த நியாயத்துக்கும் வயதாகிவிட்டது. அதே வகைச் சில்லுகளைத் திருகாணியால் அழுத்திப் பொருத்தும் அட்டையாக மாற்றிய எல்பிகேம்2 என்ற முறை தரப்படுத்தப்பட்டு, 2024இல் லெனோவோவின் ஒரு திங்க்பேடில் வந்துவிட்டது. வழி இருக்கிறது, விலை குறைந்த சின்ன லேப்டாப்புகளுக்கு அது இன்னும் இறங்கவில்லை. எட்டு ஜி.பி.யோடு வாங்கிய மாணவர் மூன்றாம் ஆண்டில் திண்டாடும்போது, ஒரு அட்டையை மாற்றித் தீர்க்க வேண்டியதைப் புதுக் கணினி வாங்கித் தீர்க்க வேண்டியிருக்கிறது. நிறுவனங்களுக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

பேட்டரி மாற்றுவதும் அப்படியே. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுப் பேட்டரிச் சட்டம், 2027 பிப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனாளரே கழற்றி மாற்றக்கூடியதாக வைக்கச் சொல்கிறது. இந்தியாவில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் ஒன்றை நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கியது; தகவல் கிடைக்கிறது, கட்டாயம் இல்லை. நடைமுறையில் நமக்குப் பழுதுபார்க்கும் உரிமையைத் தந்துகொண்டிருப்பது சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெரு. ரயில் பிடித்து அங்கே போனால், சர்வீஸ் சென்டர் போர்டையே மாற்றச் சொன்ன கோளாறைச் சூடான காற்று ஊதிச் சரிசெய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைகளுக்குள்ள திறமையைப் பார்த்தபின், பசை ஊற்றி ஒட்டிய பேட்டரியையும், விசைப்பலகையோடு சேர்த்து ரிவெட் அடித்த மேல்பலகையையும் அவர்களிடம் கொடுப்பது அவமரியாதையாகத் தோன்றுகிறது.

ஒரு ஊரின் ரயிலை மனத்தில் வைத்து லேப்டாப் செய்ய முடியுமா என்று கேட்டால், செய்திருக்கிறார்கள். ஜப்பானில் பானசோனிக் 1996 முதல் லெட்ஸ்நோட் என்ற வரிசையை விற்றுவருகிறது. கோபே நகரத்துத் தொழிற்சாலையில் செய்கிறார்கள். டோக்கியோவின் நெரிசல் ரயிலில் பைக்குள் நசுங்கினாலும் திரை உடையக் கூடாது என்பதற்காக, மூடியின் மேல் 100 கிலோ விசையோடு அழுத்தி அதிரவைத்துச் சோதிக்கிறார்கள். மூடியின் மேல்பரப்பில் கார் பானட்டில் இருப்பது போன்ற மேடுகள் உண்டு. அழுத்தம் திரைக்குப் போகாமல் தாங்குவதற்கு. எடை ஒரு கிலோவை ஒட்டித்தான். உலகம் கைவிட்ட பழைய விஜிஏ துளையையும் லேன் துளையையும் அண்மை மாடல்களில்கூட விடாமல் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அந்த ஊர் அலுவலகக் கூட்ட அறையில் இன்னும் அவை தேவைப்படுகின்றன. பல மாடல்களில் பேட்டரியை ஒரு தாழ்ப்பாளைத் தள்ளிக் கழற்றிவிடலாம். இத்தனையும் ஒரு கிலோவுக்குள்!

அது அழகான கருவி இல்லை. பக்கத்திலிருந்து பார்த்தால் தடியாக, கொஞ்சம் பழைய காலத்துப் பொருளாக இருக்கும். விலையும் அதிகம், நம் ஊர்ச் சம்பளத்தில் யாரும் வாங்க மாட்டார்கள். அதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எடையும் தடிமனும் வேறு வேறு என்பதை அது நிரூபித்துவிட்டது, அவ்வளவுதான். எடைக் குறைப்பால் தோளுக்கு லாபம். தடிமன் குறைப்பால் யாருக்கு லாபம் என்று யோசித்தால், புகைப்படத்துக்கு என்பதைத் தவிர எனக்கு விடை கிடைக்கவில்லை. பைக்குள் பதினைந்து மில்லிமீட்டருக்கும் பதினெட்டு மில்லிமீட்டருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த மூன்று மில்லிமீட்டரில் நினைவக அட்டைக்குச் சட்டம் வரும், விசை இறங்க ஆழம் வரும், முழு அளவு எச்டிஎம்ஐ துளை வரும், காற்றுக்குப் பக்கவாட்டு வழி வரும், மூடி அழுத்தம் தாங்கும். எடையில் நூறு கிராம் கூடலாம். கல்லூரிப் புரஜெக்டரோடு இணைக்கப் பையில் போட்டு அலையும் டாங்கிளை வீட்டில் விட்டுவிட்டால் அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

இதற்கு நிறுவனங்கள் சொல்லும் பதில் தெரிந்ததுதான்: மெல்லியதைத்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள். ஓரளவு உண்மை. கடையில் பத்து நிமிடம் கையில் வைத்துப் பார்க்கும்போது தெரிவது மெலிவும் பளபளப்பும்தான். பேட்டரி உப்புவதும் விசை சிக்குவதும் வாரண்டி முடிந்தபின் தெரிபவை. தனித்தனியாக வாங்குகிற நாம் இதை மாற்றுவது கடினம். மொத்தமாக வாங்குகிறவர் மாற்றலாம். தமிழ்நாட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார்.

2011 செப்டம்பர் 15 அன்று பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கினார். அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்தது. லட்சக்கணக்கான 14 அங்குலக் கருவிகள் போயின. தூக்கிச் சுமக்கும் கருவி என்ற கோணத்தில் பார்த்தால் அவை கனமானவை. ஆனால் கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி, பிரித்துப் பார்க்கக்கூடிய உடல் என்று அந்தக் காலத்துக் கருவிகளுக்கு இருந்த நல்ல குணங்கள் அவற்றுக்கும் இருந்தன. பல கைகள் மாறி ஆண்டுக்கணக்கில் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம். இடையில் நின்றுபோன திட்டம் இப்போது வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. 2025–26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்து, 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 20 லட்சம் கருவிகளை வாங்குகிறவர் ஒரு நிபந்தனை போட்டால் உலகின் எந்த நிறுவனமும் காதுகொடுத்துக் கேட்கும்.

வழக்கமாக இத்தகைய டெண்டர்களில் செயலி, நினைவகம், சேமிப்பு, திரையின் அளவு எல்லாம் துல்லியமாக இருக்கும். அந்தப் பட்டியலோடு எழுத வேண்டிய வரிகள் சில உண்டு. 45 டிகிரி அறையில் இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். சார்ஜருக்கு மூன்று முள். நான்கு திருகாணியில் பேட்டரி கழல வேண்டும். அரைப்புள்ளி, மேற்கோள், அடைப்புக்குறி, சாய்கோடு விசைகள் க, ம விசைகளின் அகலத்திலேயே இருக்க வேண்டும். இவற்றில் கடைசி ஒன்று ஒரு மில்லிமீட்டர்கூடக் கேட்காது. 14 அங்குல உடலில் இடம் ஏராளம்.

விசைகளின் மேல் தமிழ் எழுத்தும் வேண்டும். ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் அரபு நாடுகளுக்கும் போகும் லேப்டாப்பில் அந்தந்த மொழியின் விசைப்பலகை தனிப் பாகமாக வந்து, அசெம்பிளி வரிசையில் பொருத்தப்படுகிறது. ஒரே மாடல், வேறு வேறு பாக எண். இந்தியாவுக்கான பெட்டியில் வருவதோ பெரும்பாலும் அமெரிக்க ஆங்கில விசைப்பலகை. தைப்பேயில் யாரும் எதையும் மறுபடி வரைய வேண்டாம், புது அச்சு வார்க்க வேண்டாம். சானடோரியத்தில் அந்த வரிசையில் நிற்கும் பெண்ணின் கையருகே இருக்கும் தட்டில் இன்னொரு பாக எண் வந்தால் போதும்.